கேரட்டில் போட்ட கிம்ச்சி

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இந்த மாதக் கூட்டத்தில் ஆசியாவில் ஊரை இழந்த மக்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆசியா பெரியது. ஊரை இழந்தவர்களும் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. எல்லோரையும் ஒரு மணி நேரத்தில் தொட்டுத் தொட்டுப் போனால் யாருக்கும் நியாயம் செய்ததாக இருக்காது. அதனால் ஒரே ஒரு சனத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதையும் ஒரு கேரட் தொடுகறியிலிருந்து தொடங்குகிறேன்.

என் மகள் கஜகஸ்தானில், அல்மாட்டி நகரத்தில் மருத்துவம் படித்தாள். அவளைப் பார்க்கப் போனபோது ஒருநாள் பச்சைச் சந்தைக்குக் கூட்டிப் போனாள். உள்ளூர்க்காரர்கள் கோக் பஜார் என்பார்கள். ஒரு பக்கம் குதிரை இறைச்சி, ஒரு பக்கம் உலர்ந்த ஆப்ரிகாட், இன்னொரு பக்கம் வரிசையாகக் கொரியப் பெண்கள். அவர்கள் முன்னால் தட்டுத் தட்டாகக் குவித்த கறிவகைகள். கத்தரிக்காய், முட்டைக்கோஸ், கடற்பாசி, எல்லாவற்றுக்கும் நடுவில் செக்கச்செவேலென்று கேரட். நீள நீளமாக, நூல் நூலாகச் சீவியது. வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒரு வயதான அம்மா என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்தார். வாயில் போட்டேன். பூண்டு, புளிப்பு, மிளகாய்க் காரம், அப்புறம் கொத்தமல்லி விதை. நம்ம தனியாவேதான்.

எப்படிச் செய்வது என்று மகளை ரஷ்ய மொழியில் கேட்கச் சொன்னேன். அந்த அம்மா கையாலேயே செய்து காட்டினார். சீவிய கேரட்டில் உப்பும் துளி சர்க்கரையும் போட்டுப் பிசிறி வைக்க வேண்டும். தண்ணீர் விட்டதும் வினிகர். நடுவில் குழி செய்து அதில் நசுக்கிய பூண்டு, மிளகாய்த்தூள், இடித்த தனியா. எண்ணெயைப் புகை வரக் காய்ச்சி அந்தக் குழியில் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது வருகிற சத்தத்தையும் "ஷ்ஷ்" என்று வாயாலேயே சொன்னார். நம் வீட்டில் தாளித்துக் கொட்டுகிற அதே சத்தம்.

இதற்குப் பெயர் மார்கோவ்ச்சா. 'மார்கோவ்' ரஷ்யச் சொல், கேரட். 'ச்சா' கொரியச் சொல், சீவிய காய்கறி. பழைய சோவியத் நாடுகளில் எந்த ஊர்க் கடையிலும் "கொரியக் கேரட்" என்று கேட்டால் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் கொரியாவில் இப்படி ஒரு பதார்த்தமே கிடையாது. இதை உண்டாக்கியவர்கள், கொரியர்கள் காரம் போட்டுப் புளிக்கவைக்கும் கிம்ச்சிக்கு வேண்டிய முட்டைக்கோஸ் கிடைக்காத இடத்தில் கொண்டுபோய்க் கொட்டப்பட்டவர்கள்.

அவர்கள் தங்களைக் கொர்யோ-சாரம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். 'சாரம்' என்றால் கொரிய மொழியில் மனிதர். கொர்யோ என்பது பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் அங்கே ஆண்ட ஓர் அரசின் பெயர். இன்றைக்கு வடகொரியா தன்னைச் சொசொன் என்கிறது, தென்கொரியா ஹங்குக் என்கிறது. இவர்கள் இரண்டு பெயரையும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? நாடு இரண்டாவதற்கு முன்பே கிளம்பியவர்கள் அல்லவா.

1860களில் கொரியாவின் வடக்கே ஹம்கியோங் பகுதியில் பஞ்சம். தூமன் ஆற்றைத் தாண்டினால் ரஷ்யா, அங்கே தரிசு நிலம் கிடந்தது. குடும்பம் குடும்பமாகத் தாண்டினார்கள். 1910இல் ஜப்பான் கொரியாவை விழுங்கிய பிறகு விடுதலைப் போராட்டக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். ரஷ்யத் துறைமுக நகரமான விளாடிவோஸ்டாக்கில் 'புதிய கொரியக் கிராமம்' என்றே ஒரு பகுதி இருந்தது. பள்ளிகள், 1923இல் தொடங்கிய ஒரு பத்திரிகை, 1932இல் தொடங்கிய ஒரு நாடக மன்றம், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, எல்லாம் கொரிய மொழியில்.

1937 ஆகஸ்ட் 21ஆம் தேதி சோவியத் தலைவர் ஸ்டாலினும் பிரதமர் மொலோட்டோவும் ஓர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்கள். ஜப்பானிய உளவு நுழையாமல் தடுப்பதற்காக எல்லைப் பகுதியில் இருக்கும் கொரியர் எல்லோரையும் மத்திய ஆசியாவுக்கு அனுப்ப வேண்டும். ஜப்பானுக்குப் பயந்து ஓடி வந்தவர்களைப் பார்த்து, ஜப்பானுடன் துப்பாக்கியோடு மோதியவர்களைப் பார்த்து, நீங்கள் ஜப்பானின் ஒற்றர்கள் என்றார்கள். எந்தத் தீக்குப் பயந்து ஓடி வந்தார்களோ அந்தத் தீயை வைத்ததே நீங்கள்தான் என்பது போல.

சில மாதங்களில் 1,70,000க்கும் மேற்பட்டவர்கள் ஏற்றப்பட்டார்கள். சரக்கு ரயில். ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர். ஒரு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். அறுவடை நேரம் அது, விளைந்தது வயலிலேயே நின்றது. கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். சோயா விழுது வைத்த பானை, துணி, சிலர் முடிச்சில் விதைநெல். வழியில் செத்தவர்களை, முக்கியமாகக் குழந்தைகளை, ரயில் நின்ற இடத்தில் புதைத்துவிட்டு மறுபடி ஏறினார்கள். எந்த இடம் என்றுகூடத் தெரியாது.

அல்மாட்டிக்கு வடக்கே உஷ்தோபே என்று ஒரு சின்ன ரயில் நிலையம். அதற்குப் பக்கத்தில் பஸ்தோபே என்ற குன்று. அங்கே ஒரு கல் நட்டிருக்கிறார்கள். ரஷ்யாவின் தூரக்கிழக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட கொரியர்கள் 1937 அக்டோபர் 9 முதல் 1938 ஏப்ரல் 10 வரை இங்கே மண்குழிகளில் வாழ்ந்தார்கள் என்று அதில் வெட்டியிருக்கிறது. வீடு கட்ட மரமில்லை, நேரமில்லை. குன்றின் சரிவில் பள்ளம் தோண்டி, மேலே நாணலைப் போட்டு மூடி, அதற்குள் ஒரு குளிர்காலம். அங்கே குளிர் மைனஸ் 30 டிகிரி வரை போகும். பக்கத்திலேயே கல்லறைகள்.

அதே இடத்தில் கஜகஸ்தான் மக்களுக்கு நன்றி சொல்லி இன்னொரு நினைவுக்கல்லும் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள் என்பது அங்கே குடும்பம் குடும்பமாகச் சொல்லப்படும் கதை. நான்கு வருடத்துக்கு முன்னால்தான் அந்தக் கஜக் மக்களே பெரும் பஞ்சத்தில் செத்திருந்தார்கள். மந்தைகளையும் தானியத்தையும் அரசாங்கம் பிடுங்கியதால் வந்த பஞ்சம். 1930க்கும் 1933க்கும் இடையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டினியால் போனார்கள். அதில் பிழைத்தவர்களின் கையிலிருந்துதான் அந்த ரொட்டி வந்தது. அந்த நன்றிக்கல்லை நான் படத்தில்தான் பார்த்தேன், பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

இப்போது ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹொங் பொம்-தோ. வேட்டைக்காரராக இருந்து ஜப்பானுக்கு எதிராகத் துப்பாக்கி எடுத்தவர். 1920 ஜூனில் சீனாவின் வடகிழக்கே உள்ள மஞ்சூரியாவின் பொங்கோ-தொங் பள்ளத்தாக்கில் ஜப்பானியப் படையைத் தோற்கடித்தவர். கொரிய விடுதலைப் போரின் பெரிய வெற்றிகளில் அது ஒன்று. 1937இல் அவரையும் ரயிலில் ஏற்றினார்கள். கஜகஸ்தானின் கிசிலோர்தா நகரத்துக்கு வந்து சேர்ந்தார். விளாடிவோஸ்டாக்கிலிருந்து இடம்பெயர்ந்த கொரிய நாடக மன்றமும் அங்கேதான் இருந்தது. தளபதி அந்த மன்றத்துக்குக் காவலாளியாக வேலை பார்த்தார்.

1942இல் அந்த மன்றம் அவருடைய வாழ்க்கையையே நாடகமாகப் போட்டது. மேடையில் இளம் ஹொங் பொம்-தோ துப்பாக்கியோடு நிற்கிறார். கீழே எழுபதைத் தாண்டிய ஹொங் பொம்-தோ உட்கார்ந்து பார்க்கிறார். 1943இல் இறந்தார். கொரியா விடுதலை பெற அப்போது இரண்டு வருடம்கூட பாக்கி இல்லை.

2021 ஆகஸ்ட் 15, கொரிய விடுதலை நாளன்று, அவருடைய எலும்புகளைத் தென்கொரியா விமானத்தில் கொண்டுவந்தது, மூன்று நாள் கழித்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். 2023இல் அங்குள்ள ராணுவ அகாதமி, வளாகத்தில் இருந்த அவருடைய மார்பளவுச் சிலையை அகற்றப்போவதாக அறிவித்தது. அவர் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தாராம். நாடு முழுக்கப் பெரிய சண்டையானது. செத்து எண்பது வருடம் கழித்தும் நீ எந்த ஊர்க்காரன் என்று அவரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

சரி, பெயர்களுக்கு வருகிறேன். கொர்யோ-சாரம் குடும்பப் பெயர்களில் யுகாய், நொகாய், ஹெகாய் என்று பார்க்கலாம். கொரியாவில் இந்தப் பெயர்கள் இல்லை. அங்கே யு, நோ, ஹொ என்றுதான் இருக்கும். ரஷ்ய எழுத்தர் உன் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். வந்தவர் தன் பேச்சுவழக்கில் 'யு-கா-இ' என்றிருக்கிறார். 'யு வீட்டார்' என்கிற மாதிரி. எழுத்தர் முழுவதையும் பெயராக எழுதிக்கொண்டார். வேற்றுமை உருபோடு சேர்ந்து பதிவான பெயர். இன்றைக்கும் பேரன் பேத்திகள் அந்த உருபைத் தூக்கிக்கொண்டுதான் திரிகிறார்கள்.

மொழிக்கு என்ன ஆனது? 1938இல் கொரியப் பள்ளிகள் ரஷ்ய வழிக்கு மாற்றப்பட்டன, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் மாறியது. ஆனால் பத்திரிகையை மூடவில்லை. 'லெனின் கிச்சி', லெனினின் கொடி, என்று புதுப் பெயரோடு கிசிலோர்தாவில் தொடர்ந்தது. நாடக மன்றத்தையும் மூடவில்லை, இன்றும் அல்மாட்டியில் நடக்கிறது. நல்லதுதானே என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள். பத்திரிகை இருக்கிறது, அதைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளி இல்லை. மேடை இருக்கிறது, வசனம் புரிகிற காது வருடா வருடம் குறைகிறது. அந்தப் பத்திரிகை இப்போது 'கொர்யோ இல்போ' என்ற பெயரில் வருகிறது, அதில் பெரும்பகுதி ரஷ்ய மொழி. பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த கொரியச் சொற்களைக் கேட்டால் பெரும்பாலும் சாப்பாட்டுச் சொற்களாக இருக்கும், உறவுமுறைச் சொற்களாக இருக்கும். அடுக்களைக்கு அரசாங்க உத்தரவு போகவில்லை. அங்கே எது நடந்ததோ அது பிழைத்தது.

அப்படிப் பிழைத்ததில் எனக்குப் பிடித்தது மேசைக் கணக்கு. ஒரு மனிதருக்கு வாழ்க்கையில் மூன்று மேசை போட வேண்டும் என்பார்கள். முதல் பிறந்தநாள், கல்யாணம், அறுபது வயது நிறைவு. முதல் பிறந்தநாளில் குழந்தை முன்னால் அரிசி, நூல், புத்தகம் எல்லாம் வைத்து எதைத் தொடுகிறது என்று பார்ப்பார்கள். அறுபது ஆண்டுச் சுற்று நமக்கும் உண்டு, அறுபதாம் கல்யாணமும் உண்டு. சந்தையில் அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது மகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டார். ஏப்ரல் 5ஆம் தேதி எல்லோரும் கல்லறைக்குப் போய்ப் புல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்து படையல் போடுவார்களாம். அவர்கள் அதைப் பெற்றோர் நாள் என்று ரஷ்ய மொழியில்தான் சொல்கிறார்கள்.

கூட்டுப்பண்ணைகளில் அவர்கள் நெல் விளைவித்ததையும், தாஷ்கண்டுக்குப் பக்கத்தில் 'துருவ நட்சத்திரம்' பண்ணையின் தலைவர் கிம் பியோங்-ஹ்வா இரண்டு முறை சோசலிச உழைப்பு வீரர் பட்டம் வாங்கியதையும் சொல்லிவிட்டு நகர்கிறேன். பெருமைதான். ஆனால் சாதித்துக் காட்டினால்தான் இடம் என்ற நிலைமையை நான் கொண்டாட மாட்டேன்.

சோவியத் நாடு 1991இல் உடைந்தது. பல புது நாடுகளில் ரஷ்ய மொழி மட்டும் தெரிந்தவர்களுக்கு வேலை சுருங்கியது. தென்கொரியாவோ பணக்கார நாடாகியிருந்தது. போகலாம் என்று பார்த்தார்கள். 1999இல் தென்கொரியா வெளிநாட்டுக் கொரியருக்கென்று ஒரு சட்டம் போட்டது. 1948இல் குடியரசு உருவாவதற்கு முன்பே வெளியேறியவர்களின் வழிவந்தவர்களுக்கு அதில் இடமில்லை. அரசியலமைப்பு நீதிமன்றம் தலையிட்டது, 2004இல் திருத்தினார்கள். அப்போதும் மூன்றாம் தலைமுறையோடு நிறுத்திக்கொண்டார்கள். நான்காம் தலைமுறைப் பிள்ளை பெற்றோரோடு வந்து அங்கேயே பள்ளியில் படித்து வளர்ந்து, பெரியவனானதும் நீ கொரியன் இல்லை, கிளம்பு என்ற நிலைமை. 2019இல்தான் அதை மாற்றினார்கள்.

இன்று ஆன்சான், இஞ்சோன், குவாங்ஜு நகரங்களில் கொர்யோ-சாரம் குடியிருப்புகள் இருக்கின்றன. 2022இல் உக்ரைனில் போர் வந்தபோது அங்கிருந்த கொர்யோ-சாரம் மக்களில் பலர் குவாங்ஜுவுக்கு வந்தார்கள். ஏற்கெனவே அங்கே குடியேறியவர்கள் விமானக் கட்டணத்துக்குப் பணம் திரட்டி அனுப்பினார்கள். அந்தத் தெருக்களில் கடைப் பலகைகள் ரஷ்ய எழுத்தில் இருக்கும். என்ன விற்கிறார்கள் என்றால் தந்தூர் ரொட்டி, சம்சா. தாத்தா கிம்ச்சிக்கு ஏங்கினார், பேரன் கொரியாவில் உட்கார்ந்துகொண்டு உஸ்பெக் ரொட்டிக்கு ஏங்குகிறான்.

அசல் கொரியன் யார், அசல் கிம்ச்சி எது என்று கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. மார்கோவ்ச்சா குறைபட்ட கிம்ச்சி இல்லை. அதில் போட்ட தனியா மத்திய ஆசியச் சந்தையுடையது, பெயரில் பாதி ரஷ்யருடையது, கை கொரியருடையது. மண்குழியில் குளிர்காலத்தைக் கழித்தவர்கள் கையில் இருந்ததை வைத்துச் செய்தது. அதைப் போய் சியோலில் செய்கிற மாதிரி இல்லையே என்று தராசில் வைப்பது அநியாயம்.

சந்தையிலிருந்து கிளம்பும்போது அந்த அம்மாவிடம் கொரியாவுக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டோம். போனதில்லை. மகன் மட்டும் குவாங்ஜுவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறானாம். வாரம் ஒருமுறை போன் செய்வானாம். அங்கே கேரட் கிடைக்கிறது, மிளகாய்த்தூள் கிடைக்கிறது, தனியா மட்டும் இங்கே மாதிரி வாசனையாக இல்லை என்கிறானாம். மேசைக்குக் கீழே குனிந்து ஒரு துணிப்பையை எடுத்துக் காட்டினார். யாரோ ஊருக்குப் போகிறார்கள், அவர்களிடம் கொடுத்தனுப்ப. அரைக் கிலோ இருக்கும். வாயை நூலால் இறுக்கக் கட்டியிருந்தது.

வணக்கம்.