‘காசு’தான் ‘கேஷ்’ ஆனதா? மாமா அனுப்பிய ஃபார்வர்டு பாதி உண்மை!

வணக்கம். ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுங்கள். ஜிபேதான் என்பவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் கடன் வாங்குங்கள். இதை ஆங்கிலத்தில் கேஷ் என்கிறோம். “அது நம்ம காசு, வெள்ளைக்காரன் சுட்டுட்டான்” என்று வாட்ஸ்அப்பில் மாமா அனுப்பியிருப்பார். மாமா சொன்னது பாதி சரி.

தப்பான பாதியை வேகமாக முடித்துவிடலாம். பணம் என்று பொருள் தரும் கேஷுக்கு மூலம் லத்தீன் காப்ஸா, அதாவது பெட்டி. பணப்பெட்டிக்கு இருந்த பெயர் உள்ளே கிடந்த பணத்துக்கு வந்துவிட்டது. நீங்கள் விழுங்கும் கேப்ஸ்யூலும் அதே வம்சம்தான், குட்டிப் பெட்டி.

இப்போது மாமாவின் பாதி. ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் உண்டு. எழுத்து அதேதான், பிறப்பு வேறு. அது இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சில்லறை நாணயத்தின் பெயர். நம் காசு போர்த்துகீசியர் வாயில் கைஷா ஆகி, ஆங்கிலேயரிடம் கேஷ் ஆனது. இதில் கூத்து என்ன தெரியுமா? போர்த்துகீசிய மொழியில் கைஷா என்றாலும் பெட்டிதான்!

காசு நமக்கு எவ்வளவு பழசு? ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டில் அது வட்டிக்கே போகிறது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. 12.5 சதவீதம்! இன்றைய பர்சனல் லோன் மாதிரியே இல்லை?

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் சென்னைக் கணக்கில் 80 காசு சேர்ந்தால் ‘பணம்’ என்ற ஒரு நாணயம், 42 பணம் சேர்ந்தால் ‘வராகன்’ என்ற ஒரு தங்க நாணயம். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு. கணக்குப்பிள்ளை பாவம்! 1808இல் பர்மிங்ஹாமில் அடித்த செப்பு நாணயத்தில் ஆங்கிலத்தில் ‘20 கேஷ்’ என்று ரோமன் எண்ணில் இருக்கும், பாரசீக எழுத்தில் ‘காஸ்’ என்றும் இருக்கும். அந்தச் செப்புக்காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் லட்சக்கணக்கில் அள்ளி எடுத்தார்கள். நமக்கு வர வேண்டிய சில்லறை!

சீனர்களின் சதுர ஓட்டை நாணயத்துக்கும் ஆங்கிலேயர் இதே கேஷைத்தான் ஒட்டினார்கள். சீனர்களோ அதை வென் என்றார்கள்.

அப்புறம், கேஷ்யூ என்கிற முந்திரியை இதில் சேர்க்க வேண்டாம். அது பிரேசிலின் துபி மொழிச் சொல். மாமா அடுத்த ஃபார்வர்டு அனுப்புவதற்குள் இந்த வீடியோவை அவருக்குத் தட்டிவிடுங்கள்.