பிள்ளை பிறந்த வீட்டில் ஒரு பெட்டி: போன் படங்களைத் தாண்டி எதை வைப்பது, எப்படி வைப்பது

[காட்சி: போன் திரை. விரல் தள்ளத் தள்ளக் குழந்தைப் படங்கள் ஓடுகின்றன.]

வீட்டில் குழந்தை பிறந்து ரெண்டு மூணு மாதம் ஆகியிருந்தால் உங்கள் போனைத் திறந்து பாருங்கள். தூங்குகிற படம், கொட்டாவி விடுகிற படம், அதே கொட்டாவி இன்னும் எட்டுத் தடவை. படத்துக்குப் பஞ்சமே இல்லை. அது எவ்வளவு நாள் இருக்கும் என்பதுதான் கேள்வி. கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவச இடம் கொடுத்ததெல்லாம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது ஜிமெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபி. ரெண்டு வருஷம் யாரும் திறக்காத கணக்கை அவர்கள் அழித்துவிடவும் செய்யலாம். சரி, ஒரு ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து வையுங்கள், அந்தக் கவலை பாதி தீரும்.

இந்த வீடியோ படத்தில் வராத விஷயங்களைப் பற்றி. துணி, முடி, கால் தடம், குரல். இவையெல்லாம் வேலூர் வெயிலில் எப்படித் தாங்கும் என்பதும்.

[காட்சி: ஓரம் சுருண்ட ஸ்கேன் தாள்.]

முதலில் அவசரமான ஒன்று. கர்ப்பத்தில் ஸ்கேன் எடுத்தபோது பளபளப்பான சின்னத் தாளில் ஒரு படம் கொடுத்தார்களா? அதில் மை கிடையாது. அது தெர்மல் தாள். தாளின் மேல் ஒரு பூச்சு இருக்கும், சூடு படுகிற இடத்தில் அந்தப் பூச்சு கறுக்கும், படம் வரும். ஏடிஎம் சீட்டும் இதே வகைதான். பர்சில் கிடக்கும் ஏடிஎம் சீட்டு கொஞ்ச நாளில் வெள்ளைத் தாளாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கேன் படத்துக்கும் அந்தக் கதிதான், கொஞ்சம் மெதுவாக.

இதைக் காப்பாற்றுகிறேன் என்று பலர் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய் லேமினேஷன் போடச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். லேமினேஷன் மெஷின் வேலை செய்வதே சூட்டில்தான். ஒரு முனையில் படம் உள்ளே போகும், மறுமுனையில் கறுத்துப் போன தாள் வெளியே வரும். கடைக்காரர் கைவிரிப்பார், அவரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. அதற்குப் பதில் ஜன்னல் பக்கத்து நிழல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், நேர் மேலே இருந்து போனில் படம் பிடியுங்கள். அந்தப் படத்தை ஸ்டுடியோவில் சாதாரண போட்டோ தாளில் பிரிண்ட் போட்டு வாங்குங்கள். அசலைக் காகித உறையில் வையுங்கள். வழவழவென்ற பிவிசி கவரில் வேண்டாம். அதிலிருந்து கசியும் ரசாயனமே படத்தை வெளுக்க வைக்கும்.

[காட்சி: ஷூ அட்டைப் பெட்டி, உள்ளே வெள்ளை வேட்டித் துணி.]

அடுத்து பெட்டி. பட்டுத்துணி ஒட்டிய பரிசுப் பெட்டி தேடி லாங்கு பஜார் வரை அலைய வேண்டாம். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் சொந்தக்காரர் ஒருவராவது நமக்கு இருப்பார். ஷூ பெட்டி போதும். மட்டமான அட்டையில் அமிலம் உண்டு, அதில் நேராகப் படும் காகிதமும் துணியும் நாளடைவில் பழுப்பாகும். அதனால் உள்ளே கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டித் துணியை விரித்துக்கொள்ளுங்கள். ஷூவோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் தூக்கிப் போடாதீர்கள், ஈரத்தை இழுக்கும். குழந்தை கைக்கு மட்டும் எட்டக் கூடாது.

பெட்டியை எங்கே வைப்பது? நம் வழக்கப்படி வேண்டாததும் பரண் மேலே போகும், ரொம்ப வேண்டியதும் பரண் மேலே போகும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண்தான் வீட்டிலேயே சூடான இடம். அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது அங்கே என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தரையோரமும் சரிப்படாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பீரோவின் நடுத்தட்டு, வெளிச்சுவரை ஒட்டாத பீரோ. அவ்வளவுதான்.

[காட்சி: சின்னச் சட்டை, பழைய நூல் சேலையின் ஒரு துண்டு.]

துணி விஷயத்தில் எனக்கு ஒரு கட்சி உண்டு. ஆன்லைனில் வாங்கிய 'என் முதல் மாதம்' சட்டையைவிட, பிறந்த அன்று போட்ட பழைய சட்டைதான் வைக்க வேண்டியது. நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போட மாட்டார்கள். பெரியம்மா பையன் போட்டதோ, அத்தை மகள் போட்டதோ வரும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி. அதற்கு முன்னால் அதை எந்தெந்தப் பிள்ளை போட்டது என்று ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்து வைத்தால் அது குடும்பச் சரித்திரம். எழுதாவிட்டால் பழைய துணிதான். அடுத்த தலைமுறை அதை வைத்து வண்டி துடைக்கும். தூளி கட்டிய சேலையும் அப்படித்தான். முழுச் சேலையையும் வைக்க இடமில்லை என்றால் முந்தானையில் ஒரு முழம் வெட்டி வையுங்கள். எந்த ஆயாவின், அதாவது எந்தப் பாட்டியின், சேலை என்று சீட்டில் இருக்கட்டும்.

வைப்பதற்கு முன் நன்றாகத் துவைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பால் கக்கிய கறை இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது, வருஷம் போனால் மஞ்சளாகக் கிளம்பும். கஞ்சி போட்டால் பூச்சிக்கு விருந்து. வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து வேறு மடிப்பில் மடித்து வையுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இற்றுப் போகும்.

அந்துருண்டை போடலாமா என்று கேட்பீர்கள். கூடாது. நாஃப்தலீன் உருண்டை போட்டு வைத்த துணியைக் குழந்தைக்குப் போட்டால், ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாக வரலாம். இந்தக் குறைபாடு இருப்பது வெளியே தெரியாது. அடுத்த பிள்ளைக்கு இதே சட்டையை எடுப்பீர்கள் அல்லவா? காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போடுங்கள், போதும்.

[காட்சி: தூங்கும் குழந்தையின் உள்ளங்கால்.]

இனி தடம். பச்சைக் குழந்தையின் கையில் தடம் எடுப்பது பெரிய பாடு. உள்ளங்கையில் எது பட்டாலும் அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அது பிறவி அனிச்சை, போக அஞ்சாறு மாதம் ஆகும். கால் எளிது. பால் குடித்துவிட்டு அசந்து தூங்கும்போது, குதிகாலில் ஆரம்பித்து விரல் பக்கம் மெதுவாக அழுத்துங்கள். நடு உள்ளங்காலை முதலில் தொட்டால் விரல்களை மடக்கிவிடும். ஆபீஸ் ஸ்டாம்ப் பேட் வேண்டாம், குழந்தைகளுக்கென்று விற்கும் மையே வாங்குங்கள். ஆரத்தித் தண்ணீரில் நனைத்து எடுக்கலாமே என்று ஒரு யோசனை கிளம்பும். அதில் சுண்ணாம்பு இருக்கிறது, பிஞ்சுத் தோலுக்கு ஆகாது. மஞ்சள் வெளிச்சத்தில் வெளுத்தும் போகும்.

அச்சு எடுக்க ஆசையா? பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நேராகக் காலை வைக்கவே கூடாது. அது இறுகும்போது சூடாகும், தோல் வெந்துவிடும். களிமண்ணில் காலைப் பதித்து எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றுங்கள். களிமண் தடத்தையே குயவரிடம் கொடுத்துச் சுட்டும் வாங்கலாம். காய்ந்து சுடும்போது மண் சுருங்கும், ஏற்கெனவே சின்னக் கால் இன்னும் சின்னதாக வரும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. மைதாவும் உப்பும் பிசைந்து செய்வது மட்டும் நம் ஊருக்கு ஒத்துவராது, மழைக்காலத்தில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

[காட்சி: மடித்த காகிதப் பொட்டலங்கள்.]

முடி, தொப்புள்கொடி, ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பட்டை. மூன்றுக்கும் விதி ஒன்றுதான்: நன்றாகக் காய வேண்டும், காகிதத்தில் மடிக்க வேண்டும், மேலே தேதி எழுத வேண்டும். குலதெய்வம் கோயில் மொட்டையாக இருந்தாலும், முஸ்லிம் வீடுகளில் ஏழாம் நாள் முடி இறக்கும் அகீகாவாக இருந்தாலும், முடி இறக்கும் முன்பே ஒரு கற்றையைக் கேட்டு வாங்கிவிடுங்கள். தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டும் வீடுகள் நிறைய. பெட்டியில் வைத்தால் நல்லது. குழந்தை இடுப்பில்தான் என்றால் மூடி கழன்று வாய்க்குப் போகாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிண்ட் போட மாதத்துக்கு ஒரு படம் போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் சுருங்கித்தான் வரும். 4x6 அளவுக்குத் தாங்கும், சுவரில் மாட்டும் அளவுக்குத் தாங்காது, அசல் ஃபைலைக் கொடுங்கள். பசை ஒட்டும் ஆல்பம் வேண்டாம். தெருமுனையில் முதல் பிறந்தநாள் ஃபிளெக்ஸ் வைப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

[காட்சி: தூளி ஆடுகிறது, பக்கத்தில் போனில் ரெக்கார்டர் ஓடுகிறது.]

கடைசியாகக் குரல். வீடியோவாக எடுத்தால் ஆயா முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்ப்பார், பாட்டு போய்விடும். ஒலி மட்டும் பதியுங்கள். தாலாட்டில் ஆயா தன்னிஷ்டத்துக்கு மாமன் பேர், அத்தை பேர், ஊர்ப்பேர் எல்லாம் கோத்துப் பாடுவார். வேறு எந்தப் பதிவிலும் அது கிடைக்காது. ஆரம்பத்தில் தேதியையும் யார் பாடுகிறார் என்பதையும் நீங்களே சொல்லிப் பதிந்துவிடுங்கள். வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு டாக்குமென்ட்டாக அனுப்பி, அவரையும் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். "எனக்கு எங்கடா பாட வரும்" என்று ஆயா வெட்கப்பட்டால் வற்புறுத்த வேண்டாம். குழந்தை அழும் நேரமாகப் பார்த்துத் தூளிக் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, ரெக்கார்டரை ஓடவிட்டு நீங்கள் அந்தப் பக்கம் போய்விடுங்கள்.