தொப்பி போட்ட மண்டோர்

நடுவர் அவர்களுக்கும் சுங்கை சிப்புட் மக்களுக்கும் வணக்கம். வணக்கம் இவ்வளவுதான், நடுவர் கை மணிமேலேயே இருக்கிறது.

2014-இல் வந்த ‘டான் ஆஃப் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படத்தில் குரங்குக் கூட்டத்தைக் கெடுத்தது அதிலேயே இருந்த கோபாவின் துரோகமா, தலைவன் சீசரின் நம்பிக்கையா? நம்பிக்கைதான் என்று பேச என்னை மேடையேற்றிவிட்டார்கள். எதிரணித் தங்கை போகிற போக்கில் என்ன சொன்னார்? “அண்ணன் தோட்டத்துல குரங்கோட வளர்ந்தவர், அவருக்கு அரசியல் எங்கே புரியும்?”

ஆமாம் தங்கச்சி, குரங்கோடுதான் வளர்ந்தேன்! என் தாத்தா மண்டோர், தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. ஒருநாள் கொடியில் காய்ந்த அவர் தொப்பியைக் குரங்கு தூக்கிப்போய்விட்டது. விடிகாலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கொட்டகை, கும்மிருட்டு. குட்டைச் சுவர்மேல் தொப்பி மட்டும் தெரிகிறது. முதலில் வந்தவர் தூக்கக் கலக்கத்தில், “சலாம் மண்டோரே.” பதில் இல்லை. அடுத்தவர் இன்னும் குனிந்து, “சலாம் மண்டோரே.” ம்ஹூம். மூன்றாவதாக ஒரு பாட்டி, முந்தின நாள் வேலைக்கு வராதவர். “காய்ச்சல் மண்டோரே, அரைப் பேராவது போடுங்க, அரைநாள் கூலியாவது வரட்டும்” என்று அழுதே விட்டார். மண்டோர் வாலைச் சொறிந்தார்! கூட்டமே சிதறி ஓடுகிறது. பாட்டி மட்டும் நகரவில்லை. “இன்னிக்குத்தான்யா மண்டோர் கத்தாம காது கொடுத்துக் கேட்டாரு!”

சரி, படத்துக்கு வருகிறேன். துப்பாக்கி வைத்திருந்த இரண்டு பேர் முன்னால் கோபா சர்க்கஸ் குரங்காகக் கூத்தடிக்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். துப்பாக்கி கைமாறுகிறது, இருவரும் காலி. அப்புறம் சீசரையே சுட்டுவிட்டுப் பழியை மனிதன்மேல் போடுகிறான். இத்தனைக்கும் அதற்கு முன்பே ஒருமுறை சீசரோடு மோதி, மன்னிப்புக் கேட்டுக் கை நீட்டியவன். குரங்கு குரங்கைக் கொல்லாது என்று சட்டம் வைத்த சீசர், மன்னித்துவிட்டான். அங்கேதான் கெட்டது.

தாத்தாவும் அப்படித்தான். தோட்டம் கைமாறியபோது, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொண்டுவந்தவன், அவர் மடியில் உட்கார்ந்து கணக்குப் படித்த பையன். தாத்தா வாங்கிப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “சாப்பிட்டுட்டுப் போப்பா” என்றார். அவர் நம்பியது தப்பு என்று நான் எந்த வாயால் சொல்ல? என் அணித்தலைவர் முறைக்கிறார், முறைக்கட்டும்.

தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்த பிறகும் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். சலாம் வைக்கத்தான் ஆளில்லை.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே. தாத்தா இருந்திருந்தால் இந்நேரம் தொப்பியைத் தேடியிருப்பார்.