எடை வேறு, மாற்று வேறு: பழைய நகையை விற்கப் போகுமுன்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

பழைய சங்கிலி ஒன்றோடு கொழும்புச் செட்டியார் தெருவில் ஒரு நகைக் கடைப்படி ஏறுகிறவர், "இன்றைக்குப் பவுண் என்ன விலை?" என்றுதான் முதலில் கேட்பார். பலகையில் எழுதியிருப்பது கடைக்காரர் விற்கும் விலை. நீங்களோ விற்கப் போயிருக்கிறீர்கள். ஆகவே, "என்ன விலைக்கு வாங்குவீர்கள், அது எத்தனை கரட்டுக்கு?" என்று கேளுங்கள். அதற்கும் முன்னால், கையில் இருக்கும் நகையில் சுத்தத் தங்கம் எவ்வளவு என்று ஓரளவாவது தெரிந்துகொண்டு போங்கள். எடையை மட்டும் தெரிந்துகொண்டு போகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள்.

கணக்கு எளிமையானது. 24 கரட் சுத்தத் தங்கம். 22 கரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு, 21 கரட் 875 பங்கு, 18 கரட் 750 பங்கு. ஒரு பவுண் 8 கிராம். 22 கரட் என்று சொல்லி வாங்கிய இரண்டு பவுண் சங்கிலி 16 கிராம் நிறுத்தால், அதற்குள் 14.66 கிராம் சுத்தத் தங்கம் இருக்க வேண்டும். அதையே உருக்கும்போது கட்டி 15.7 கிராம் நின்று, மாற்று, அதாவது ஆயிரத்தில் சுத்தத் தங்கத்தின் பங்கு, 895 என்று வந்தால், சுத்தத் தங்கம் 14.05 கிராம்தான். யாரும் களவெடுக்காமலே 0.6 கிராம் குறைந்துவிட்டது.

எங்கே போனது? வளையங்களுக்கு இடையில் பல வருடமாகச் சேர்ந்த அழுக்கும் எண்ணெய்ப் பசையும் எடையில் கொஞ்சம். மாற்றைக் குறைத்தது பற்றாசு, அதாவது ஒட்டு வைக்கும் உலோகம். அது நகைக்கு முன்னே உருக வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டும்போது நகையே உருகிவிடும். அதற்காகவே பற்றாசில் செம்பும் வெள்ளியும் நாகமும் (துத்தநாகம்) கூடுதலாகக் கலக்கிறார்கள். கையால் செய்த பழைய தாலிக்கொடியில் வளையத்துக்கு வளையம் ஒட்டு உண்டு. அறுந்து, திருத்தி, மறுபடி அறுந்து திருத்திய சங்கிலியில் இன்னும் அதிகம். அதனால்தான் ஒட்டே இல்லாத காப்பும் ஒட்டு நிறைந்த கொடியும் ஒரே முத்திரையோடு இருந்தாலும், உருக்கினால் ஒரே மாற்று வருவதில்லை.

முத்திரையை எவ்வளவு நம்பலாம்? 916 என்ற எண் கொக்கியில் மட்டும் அடித்திருந்தால், அது கொக்கிக்குத்தான் சாட்சி. கொக்கி பிறகு மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம். இந்தியாவில் அண்மையில் வாங்கிய நகை என்றால், 2021க்குப் பிறகு அங்கே அடிக்கப்படும் ஆறு இலக்க எழுத்தெண் குறியீடு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். இந்திய நியமப் பணியகத்தின் கைபேசிச் செயலியில் அதைக் கொடுத்துச் சரிபார்க்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது காந்தம். அது இரும்பு, நிக்கல் போன்ற சிலவற்றை மட்டுமே காட்டிக்கொடுக்கும். பித்தளையும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது. உண்மையான தங்கச் சங்கிலியிலும் கொக்கிக்குள் இருக்கும் சிறு சுருள்கம்பி உருக்கு (எஃகு) ஆனால் அந்த இடம் மட்டும் ஒட்டும். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது தண்ணீர்ச் சோதனை. 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு வேண்டும். முதலில் நகையை உலர்ந்தபடி நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பாதியளவு தண்ணீர் உள்ள கிளாசைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, நகையை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் முழுவதும் அமிழ்த்திப் பிடியுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம்தான் நகையின் கனவளவு. உலர்ந்த எடையை அந்த எண்ணால் வகுக்க வேண்டும். 16 கிராம் காப்புக்கு 0.90 என்று வந்தால் விடை 17.8. 22 கரட் தங்கம் 17.6க்கும் 18க்கும் இடையில் நிற்கும். 18 கரட் 15க்கும் 16க்கும் இடையில். வெள்ளி 10.5, பித்தளை எட்டரை. முலாம் பூசிய பித்தளை இந்தச் சோதனையில் தப்பவே முடியாது.

ஆனால் எல்லைகளும் உண்டு. இரண்டு கிராம் மோதிரத்தின் கனவளவு வெறும் 0.11 அளவில்தான் வரும், தராசு 0.01 பிசகினாலே விடை பத்து வீதம் பிசகும். ஐந்து கிராமுக்குக் குறைந்த நகைக்கு இதைச் செய்து மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நகையில் காற்றுக்குமிழ் ஒட்டினால் கனவளவு கூடி, நல்ல தங்கமும் மட்டமாகத் தெரியும். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழ் ஒட்டாது. கல் பதித்ததற்கும், உள்ளே அரக்கு நிரப்பிய ஜிமிக்கி, அட்டியல் போன்றவற்றுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது.

கடையில் நடப்பது உரைகல் சோதனை. கறுப்புக் கல்லில் நகையை உரைத்து ஒரு கோடு, பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் அமிலத்தைத் தடவி, எது முதலில் மங்குகிறது என்று பார்ப்பார்கள். இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். நகையை நிறம் எடுப்பதற்காக அமிலத்தில் காய்ச்சும்போது மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்து போய், மேல்தோல் உள்ளே இருப்பதைவிட உயர்ந்த மாற்றாகத் தெரியும். ஆகவே முதல் கோட்டைத் துடைத்துவிட்டு, அதே இடத்தை மறுபடி உரைத்த கோட்டையே கணக்கில் எடுக்க வேண்டும். நல்ல கை உள்ளவர் உரைத்தாலும் ஓரிரு வீதம் முன்பின்னாக இருக்கும். இந்த அமிலத்தை வாங்கி வீட்டில் பரிசோதிக்க வேண்டாம். அதன் புகை நெஞ்சுக்குக் கேடு. முத்தும் பவளமும் அதில் அரித்துப் போகும்.

எக்ஸ்ரே மூலம் மாற்றுக் காட்டும் இயந்திரம் நகையைச் சுரண்டாது, ஒரு நிமிடத்துக்குள் பதில் தரும். ஆனால் தங்கத்தில் அது பார்ப்பது ஏறத்தாழ 10 மைக்ரோன் ஆழம் மட்டுமே, தலைமயிரின் தடிப்பை விடக் குறைவு. தடிப்பான முலாம் அதை ஏமாற்றிவிடும். ஒரே இடத்தில் அளந்து முடிக்க விடாதீர்கள். நடு வளையம், கொக்கி, ஒட்டு என்று மூன்று இடத்தில் அளக்கச் சொல்லி, மூன்று எண்களையும் எழுதி வாங்குங்கள். பெறுமதி கூடிய நகை என்றால், தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையில் சோதிப்பித்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. கல் பதித்த பழைய அட்டியலுக்கும் இது பொருந்தும். கடையில் கல்லின் எடையைக் கழிப்பார்கள், கல்லுக்குக் காசு தரமாட்டார்கள். சிவப்புக் கல் பெரும்பாலும் கண்ணாடியாகவோ செயற்கைக் கல்லாகவோ இருக்கும். ஆனால் இரத்தினபுரி மண்ணின் நீலக்கல்லும் நம் வீட்டு நகைகளில் இருக்கக்கூடும். சோதிக்காமல் கழற்றி எறிய விடக்கூடாது. கழற்றிய கற்களை எண்ணித் திருப்பி வாங்குங்கள்.

உருக்கிப் பார்க்கலாம் என்று கடைக்காரர் சொன்னால், அது நேர்மையான வழிதான். ஆனால் உருக்கிய பின் பின்வாங்க முடியாது. எத்தனை வீதம் கழிப்பார், எந்த விலை என்பதை உருக்குமுன்னரே பேசி முடியுங்கள். கண்முன்னால் நிறுத்து, கண்முன்னால் உருக்கி, கட்டியை மறுபடி நிறுக்க வேண்டும். மாற்றை அளந்து அதன்படியே விலை போட்ட பிறகு "சேதாரம்" (வேலையில் வீணாகும் தங்கம்) என்று இன்னொரு கழிவு வந்தால் காரணம் கேளுங்கள். சுத்திகரிப்புக்கு ஒரு சிறு தொகை நியாயம். ஒட்டுக்கென்று மறுபடி கழிப்பது ஒரே குறைக்கு இரண்டு தரம் கழிப்பதாகும். பழையதைக் கொடுத்துப் புதியது வாங்குவதானால், பழையதற்குச் சொல்லும் கூடிய விலையில் மயங்க வேண்டாம். புதிய நகையின் செய்கூலியையும் சேதாரத்தையும் சேர்த்து, கடைசியில் கையில் எத்தனை கிராம் மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

வெள்ளிக்கு வருவோம். 925 முத்திரை இருந்தால் நல்லது. பழைய கொலுசுகள் பல அதற்குக் கீழேதான். ஜெர்மன் சில்வர் எனப்படுவதில் வெள்ளி துளியும் இல்லை, செம்பும் நிக்கலும் நாகமும்தான். ஈ.பி.என்.எஸ். என்று அடித்த தட்டும் தேநீர்ப் பாத்திரமும் நிக்கல் கலவைமேல் வெள்ளி முலாம் பூசியவை. கடையில் ஓரிடத்தை அரத்தால் சிறிது அராவி, பைக்குரோமேற்று என்ற உப்புக் கலந்த அமிலத்தை ஒரு துளி வைத்தால், நல்ல வெள்ளி இரத்தச் சிவப்பாக மாறும். அராவாமல் வைத்தால் முலாம்கூடச் சிவப்புக் காட்டும். குத்துவிளக்கின் தண்டுக்குள் கம்பியோ குங்கிலியமோ நிரப்பியிருக்கலாம். கழற்றித் தனித்தனியே நிறுங்கள். கொலுசு மணிக்குள் இருக்கும் உருக்குக் குண்டுகளைக் காந்தம் காட்டிவிடும்.

விற்கப் போகும்போது தேசிய அடையாள அட்டையையும், இருந்தால் பழைய பற்றுச்சீட்டையும், அடகு மீட்ட நகையானால் மீட்ட சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் தரும் சீட்டில் மொத்த எடை, கழித்த எடை, மாற்று, கிராம் விலை நான்கும் தனித்தனியே எழுதியிருக்க வேண்டும். அந்த நான்கும் எழுதாத சீட்டோடு கடையை விட்டு இறங்காதீர்கள்.

வணக்கம்.