தூசி போன பிறகும் நெஞ்சு ஏன் இறுகுகிறது?

[காட்சி: கடலூர் முதுநகர், மார்கழிக் காலை. பரணிலிருந்து ஒரு கோரைப்பாய் இறக்கப்படுகிறது.]

வணக்கம். மழைக்காலம் முடிந்ததும் பரணில் சுருட்டி வைத்த பாய்களை இறக்கி, வாசலில் உதறி வெயிலில் காயப்போடுவது என் அம்மாவின் வழக்கம். சென்ற ஆண்டு உதறிய அன்றே அவருக்கு வீசிங் வந்தது. நெபுலைசர் வைத்ததும் அடங்கியது. ஆனால் பத்து நாள் கழிந்த பின்னும், காய்ந்த மிளகாய் தாளிக்கும் நெடி பட்டாலே அவருடைய நெஞ்சு இறுகியது. முன்பெல்லாம் அந்த நெடிக்கு இரண்டு தும்மலோடு நின்றுவிடுவார். தூசி வீட்டை விட்டுப் போன பிறகும் மூச்சுக்குழாய் ஏன் அமைதியடையவில்லை என்ற கேள்விக்கு, விலங்குகளில் நடந்த ஆய்வுகள் தரும் விடையின் ஒரு பகுதி நுரையீரலில் இல்லை, மூளையில் இருக்கிறது.

[காட்சி: உருப்பெருக்கியில் வீட்டுத் தூசிப் பூச்சி.]

பாயில் இருந்தது வெறும் மண் அல்ல. ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் நீளமுள்ள தூசிப் பூச்சிகள், நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று வாழ்கின்றன. அவை தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடலுக்குள் இழுத்துக்கொள்கின்றன. கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர்கள் அவற்றுக்கு உகந்தவையாக இருப்பதற்கு இதுவே காரணம். அவற்றின் எச்சத்திலுள்ள புரதங்களே ஒவ்வாமையைக் கிளப்புகின்றன.

ஆய்வகத்திலும் இதே பூச்சியின் சாறுதான் பயன்படுகிறது. சுண்டெலிக்கு இயல்பாக ஆஸ்துமா வருவதில்லை என்பதால், அந்தச் சாற்றை அதன் மூக்கில் துளித்துளியாகப் பலமுறை செலுத்தி, மூச்சுக்குழாயில் அழற்சியை உண்டாக்குகிறார்கள். பிறகு மூச்சுக்குழாயைச் சுருக்கும் மெத்தகோலின் என்னும் மருந்தை, என் அம்மா முகத்தில் வைத்துக்கொண்ட அதே நெபுலைசர் புகைபோல, நுண்ணிய துளிகளாக்கிச் சுவாசிக்க வைக்கிறார்கள். நலமான எலியின் மூச்சுக்குழாய் சிறிதளவே சுருங்கும் அளவு மருந்துக்கு, ஒவ்வாமை கொண்ட எலியின் குழாய் கடுமையாக இறுகிவிடும். மிகையான இந்தச் சுருக்கமே ஆஸ்துமாவின் முத்திரை.

[காட்சி: நுரையீரலிலிருந்து மூளைத்தண்டு வரை செல்லும் வேகஸ் நரம்பின் வரைபடம்.]

நுரையீரலில் நடப்பதை மூளைக்கு எடுத்துச் செல்வது வேகஸ் நரம்பு. அந்தச் செய்தி முதலில் வந்து சேரும் இடம், மூளைத்தண்டிலுள்ள நியூக்ளியஸ் டிராக்டஸ் சாலிடேரியஸ் என்னும் நரம்பணுத் தொகுப்பு, சுருக்கமாக என்டிஎஸ். இருமலும் மூச்சுக்குழாய்ச் சுருக்கமும் இங்கே கைமாறும் செய்திகளால் நிகழ்கின்றன.

மூளை அனுபவத்தால் மாறக்கூடியது என்பதைப் பெரும்பாலும் நினைவாற்றலோடு இணைத்தே பேசுகிறோம். நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்பு, திரும்பத் திரும்பத் தூண்டப்பட்டால் நீண்ட நேரம் வலுப்பெற்றிருக்கும் என்று பிளிஸ், லோமோ ஆகிய இரு நரம்பியல் ஆய்வாளர்கள் முயலின் மூளையில் 1973-இல் காட்டியதும் நினைவுக்குப் பொறுப்பான பகுதியில்தான். ஆனால் இந்த நெகிழ்வுத்தன்மை பாடம் படிக்கும் பகுதிக்கு மட்டும் உரியதன்று. தூசிப் பூச்சி ஒவ்வாமைக்கு நீண்ட காலம் ஆளான ரீசஸ் குரங்குகளின் என்டிஎஸ் நரம்பணுக்கள், அதே அளவு தூண்டலுக்கு, அந்த ஒவ்வாமைக்கு ஆளாகாத குரங்குகளின் நரம்பணுக்களைவிட அதிகமாகத் துடித்ததைக் கலிபோர்னியா ஆய்வாளர்கள் 2001-இல் பதிவு செய்தார்கள். நுரையீரலின் அழற்சி மூளைத்தண்டின் இயல்பையே மாற்றியிருந்தது.

அந்த மாற்றத்தின் வழித்தடத்தை முழுமையாக வரைந்து காட்டிய ஆய்வு, 2024-இல் நேச்சர் இதழில் வந்தது. எலிகள் தூசிப் பூச்சிப் புரதத்தைத் திரும்பத் திரும்பச் சுவாசித்தபோது, ஒவ்வாமையில் பங்கேற்கும் நோயெதிர்ப்பு அணுக்களான மாஸ்ட் செல்களும், இன்டர்லூக்கின்-4 என்னும் செய்திப் பொருளும் வேகஸ் நரம்பும் சேர்ந்து என்டிஎஸ் பகுதியைத் தூண்டின. அங்கே நார்எபிநெஃப்ரின் என்னும் நரம்புச் செய்திப் பொருளைத் தயாரிக்கும் ஒருவகை நரம்பணுக்களே பெரிதும் விழித்தெழுந்தன. அவை நியூக்ளியஸ் ஆம்பிகுவஸ் என்னும் அடுத்த தொகுப்பிடம் செய்தியை ஒப்படைக்க, அங்கிருந்து கட்டளை மீண்டும் மூச்சுக்குழாய்க்கே இறங்கியது. அந்த நரம்பணுக்களை ஒடுக்கியபோது மிகைச் சுருக்கம் குறைந்தது. செயற்கையாகத் தூண்டியபோது கூடியது. ஒரு தொடர்பு இருக்கிறது என்பதோடு நிற்காமல், எது எதை இயக்குகிறது என்பதையே கைவைத்துச் சோதித்திருப்பதால், இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன்.

எனினும் எலி மனிதரல்ல. அதன் மூச்சுக்குழாய் நம்முடையதைப் போல் பலமுறை கிளைப்பதில்லை. வாரக்கணக்கில் உண்டாக்கிய அழற்சியை ஆண்டுக்கணக்கில் வளரும் நோயோடு அப்படியே ஒப்பிட முடியாது. என் அம்மாவின் நெஞ்சு இறுகியதற்கு, புண்பட்ட மூச்சுக்குழாயின் உட்சவ்வும் தடித்த தசையும்கூடக் காரணமாக இருக்கலாம். ஆகவே மூளையில் விடை இருக்கிறது என்று கேட்டதும், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை யாரும் நிறுத்திவிட வேண்டாம்.

[காட்சி: நெபுலைசர் குப்பியில் மருந்து ஊற்றப்படுகிறது.]

மூளைத்தண்டிலுள்ள அந்த நரம்பணுக்களை மட்டும் அமைதிப்படுத்தும் மருந்து இன்று மருந்துக் கடையில் கிடையாது. ஆனால் அதே பாதையின் கடைசிப் படியைத் தடுக்கும் மருந்து ஏற்கெனவே நம் வீடுகளில் இருக்கிறது. கீழிறங்கும் நரம்பு, மூச்சுக்குழாய்த் தசையிடம் அசிட்டைல்கோலினைச் சுரந்துதான் ‘சுருங்கு’ என்கிறது; நெபுலைசர் கலவையில் சேரும் இப்ராட்ரோபியம் அந்தச் சொல்லைத் தசை கேட்காதபடி செய்கிறது. அன்று அம்மாவின் குப்பியில் மருத்துவர் ஊற்றிய இரண்டு மருந்துகளில் ஒன்று அதுதான்.