கவுண்டர் ஸ்ட்ரைக்கா, வேலரண்டா? – சுங்கை சிப்புட் தோட்ட மண்டபத்தில் பேசியது

தலைவர் அவர்களே, தாய்மார்களே, கைப்பேசியைக் கீழே வைக்க மனமில்லாத தம்பிகளே, வணக்கம்.

"சுடுகிற விளையாட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கு?" என்று வாசலிலேயே ஒரு பெரியவர் கேட்டார். இருக்கிறது ஐயா. 2023 கம்போடியா சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் வேலரண்ட் என்ற கணினி விளையாட்டுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். இறுதி ஆட்டம் தகராறில் போய், இந்தோனேசியாவும் சிங்கப்பூரும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டன.

கவுண்டர் ஸ்ட்ரைக், வேலரண்ட் இரண்டு ஆட்டத்திலும் ஐவருக்கு ஐவர். ஒரு தரப்பு குண்டு வைக்கும், மறு தரப்பு தடுக்கும். கவுண்டர் ஸ்ட்ரைக் 1999-இல் பிறந்தது. பிறகு வால்வ் நிறுவனம் எடுத்துக்கொண்டது. ரயட் கேம்ஸ் நிறுவனம் 2020 ஜூனில் வேலரண்டை இறக்கியது. வேலரண்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி வித்தை உண்டு. டென்ஸ், நைட்ரோ போன்ற கவுண்டர் ஸ்ட்ரைக் ஆட்டக்காரர்கள் இங்கே தாவினார்கள். 2023-இல் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 வந்தபோது, முன்பு 16 சுற்று வென்றால்தான் வெற்றி என்றிருந்தது 13 ஆனது. வேலரண்டில் முதலிலிருந்தே 13தான். காப்பி என்று நான் சொல்லவில்லை!

சரி, எது பெரிது? அந்தச் சண்டையை சி.சி. (சைபர் கஃபே) கடையிலேயே விட்டுவிடுங்கள். எனக்கு முக்கியம், சம்பளத்துக்கு ஆடும் உலகத்துக்குள் நம் பிள்ளை எந்த வழியாகப் போவது என்பதுதான்.

வால்வ் சொந்தமாக லீக் நடத்துவதில்லை; போட்டிகளை வெளியார் நடத்துகிறார்கள். 2025 முதல் தரவரிசையாலோ தகுதிச்சுற்றாலோதான் அணிகளை எடுக்க வேண்டும், நடத்துபவரும் அணியும் தனி ஒப்பந்தம் போடக்கூடாது என்று வால்வ் விதித்தது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பெரிய போட்டிகளில் பல ஐரோப்பாவில். விமான டிக்கெட்டுக்கு யார் காசு கொடுப்பது?

ரயட் வேறு மாதிரி. 2023-இல் மூன்று வட்டாரங்களுக்கும் பத்துப் பத்து அணிகளைத் தானே பொறுக்கி எடுத்தது. அப்போது மற்றவர்கள் சேலஞ்சர்ஸ் என்ற கீழ்நிலை லீக்கில் ஆடி, அசென்ஷன் என்ற ஏற்றப் போட்டியை வென்றுதான் மேலே ஏற வேண்டியிருந்தது. கதவு குறுகல்தான், ஆனால் பக்கத்தில் இருக்கிறது. பசிபிக் லீக்கில் ஆடும் பேப்பர் ரெக்ஸ் சிங்கப்பூர் அணி. 2025-இல் டொராண்டோ மாஸ்டர்ஸ் என்ற உலகப் போட்டியை வென்றபோது அதில் நம் மலேசியர் டாவாய், கவுண்டர் ஸ்ட்ரைக்கிலிருந்து வந்தவர், இருந்தார்.

என் மனசு கவுண்டர் ஸ்ட்ரைக் பக்கம்தான். இருந்தாலும் பிழைப்பாக நினைக்கும் தம்பிக்கு வேலரண்டைத்தான் காட்டுவேன். ஒரு எச்சரிக்கையோடு. காற்பந்துக்கு முதலாளி கிடையாது, இந்த ஆட்டங்களுக்கு உண்டு. விதியை மாற்றுவதும் லீக்கைச் சுருக்குவதும் அவர்கள் இஷ்டம். அதனால் எஸ்.பி.எம். தேர்வு முடியும்வரை புத்தகத்தை விடாதே. அணிக்காரர் ஒப்பந்தத்தாளை நீட்டினால், சம்பளம் எத்தனை மாதத்துக்கு, நடுவில் விலகினால் என்ன ஆகும் என்ற இரண்டையும் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து படித்த பிறகு கையெழுத்துப் போடு.