மாத்திரையை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு வார்த்தை

எல்லோருக்கும் வணக்கம். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து, அது திரும்ப வராமலிருக்க தினம் ஒரு லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரை போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, தோல் மருத்துவரான என்னிடம் வந்தார்கள். "மூணு மாசமா போடல டாக்டர்" என்றார்கள். வகிடு அகலமாகிக்கொண்டே போயிருக்கிறது. வீட்டில் சொன்னால், "உயிர் பிழைச்சதே பெருசு, முடிக்கா அழுவுறே?" என்றார்களாம். அதற்குப் பிறகு அவர்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

முடிக்காக அழலாம். தப்பே இல்லை. ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கீமோவில் முடி கொத்தாகக் கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். ஹார்மோன் மாத்திரையில் உச்சியிலும் வகிட்டிலும் மெல்ல மெல்ல அடர்த்தி குறையும். இந்த வகையில் டமாக்சிஃபென், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை மார்பகத்தில் வேலை செய்யவிடாது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் அதன் அளவையே குறைக்கும். முடிக்கும் தோலின் ஈரத்துக்கும் துணையாக இருந்ததும் அதே ஈஸ்ட்ரோஜன்தான். 5 வருடம், சிலருக்கு 10 வருடம் போட வேண்டிய மாத்திரை இது. அத்தனை காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று யார் சொல்ல முடியும்?

முதலில் தைராய்டு, இரும்புச்சத்து பாருங்கள். காரணம் அதுவாகவும் இருக்கலாம். அப்புறம், உங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு முடி வளர உதவும் மினாக்சிடில் லோஷனைத் தலையில் தடவலாம். ஆரம்பத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டும், பயப்படாதீர்கள். பலன் தெரிய நான்கைந்து மாதம் ஆகும். முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள், தைராய்டு முடிவையே அது தப்பாகக் காட்டிவிடும்.

தோல் வறண்டால் சுடச்சுடக் குளிக்காதீர்கள். துவட்டியதும், ஈரம் காய்வதற்குள் வாசனை சேர்க்காத கிரீமைத் தடவுங்கள்.

நகம் பிளந்தால் ஒட்ட வெட்டுங்கள், பாத்திரம் தேய்க்கக் கையுறை போடுங்கள். அக்குளில் நெறிகட்டிகளை எடுத்த பக்கத்துக் கையில் நகக்கண் தோலைப் பிய்க்கவே கூடாது. சின்னக் காயம் போதும், கிருமி புகுந்து கை வீங்கிவிடும். அரைத்த மருதாணி வைக்கலாம். கறுப்பு மெஹந்தி கோன் வேண்டாம், அதில் கலக்கும் தலைமுடிச் சாயத்தின் ரசாயனம் கொப்புளம் போட வைக்கும்.

இன்னொன்று, கூச்சப்பட்டு யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். பிறப்புறுப்பும் வறளும், எரியும். ஹார்மோன் இல்லாத ஜெல் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கிரீமை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மாத்திரை போடும்போது உடம்பெல்லாம் தடித்து, முகமோ உதடோ வீங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அந்த அம்மாவின் புற்றுநோய் மருத்துவரிடம் பேசினேன். அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றினார். இப்போது விடாமல் போடுகிறார்கள். அடுத்த முறை வந்தபோது கணவரையும் கூட்டிக்கொண்டு வந்து, "அவருக்கும் ஒருதரம் சொல்லுங்க டாக்டர்" என்றார்கள். சொன்னேன்.